முன்னாள் படைவீரரும் மண்ணின் மீட்சியும்

இந்திய இராணுவத்தில் சிப்பாயாகச் சேருகின்றவர் பெரும்பாலும் தமது நாற்பதாவது வயதை ஒட்டியே சேவையினின்று விடுபட்டு வீடு திரும்புகிறார். ஏனைய அரசாங்க ஊழியர் பதவி உயர்வை எதிர்நோக்கியிருக்கும் பருவத்தில் இவருக்குப் பிரிவுபசாரம் நடந்துவிடுகிறது. ஆண்டுதோறும் இவ்வாறு விடுபடுவோர் ஏறத்தாழ 60,000 பேர் என்றும், அவர்களுள் மிகப் பலர் 35 முதல் 45 வயதுக்குட்பட்டவர் என்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. படை என்றும் இளமையோடிருக்க வேண்டும் என்னும் கொள்கையின் தவிர்க்கவியலாத விளைவு இது. கொள்கையைக் குறை கூறுவதற்கில்லை. எனினும், உடல் வலிமையும் பயிற்சியும் உடைய ஒருவர், பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் வேளையில், வேலையற்றவராகத் தமது வீட்டு வாசலில் வந்து நிற்கிறார் என்பதும் உண்மையே.

இத்தகையோருக்கு நாடு பொதுவாக அளித்துவரும் வேலை காவற்காரர் வேலையாகும். வங்கியின் வாயிலிலோ, பண இயந்திரத்தின் அருகிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் முகப்பிலோ நாற்காலியில் அமர்ந்து இரவைக் கழிப்பது கண்ணியமான பிழைப்புத்தான். ஆயினும் பனிமலைச் சிகரத்தில் ஒரு பிரிவையே நடத்திச் சென்ற ஹவில்தாருக்கு அவ்வேலை எவ்வளவு தூரம் பொருந்தும்? அவர் இழந்தது சம்பளத்தின் ஒரு பகுதியை மட்டுமன்று. பென்ஷன் அதனை ஒருவாறு ஈடு செய்கிறது. தம்முடன் உண்டு உறங்கிய தோழர்களையும், காலையில் எழுந்தவுடன் செய்தாக வேண்டிய ஒரு காரியத்தையும், அதனைச் செய்து முடித்தோம் என்ற நிறைவையும் அவர் ஒரே நாளில் இழக்கிறார். நகரத்துக் காவல் வேலைக்காக மறுபடியும் குடும்பத்தைப் பிரிந்து செல்வதாயின், வீடு திரும்பியதன் பயனும் இல்லாமற் போகிறது.

போர்வீரனுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்துவது பண்டைக்காலந்தொட்டு அரசுகள் கையாண்ட வழி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், இமயத்தின் அடிவாரத்திலுள்ள தராய்ப் பிரதேசத்தில் காட்டைத் திருத்தி முன்னாள் படைவீரரைக் குடியேற்ற ஐக்கிய மாகாண அரசாங்கம் திட்டமிட்டது. தேசப் பிரிவினையால் அகதிகளும் அங்கு வந்து சேர்ந்தனர். டிராக்டர்கள் கோரைப் புல்வெளியை உழுதன. டி.டி.டி. தெளித்து மலேரியாவை அடக்கினார்கள். தராய் நாட்டின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் அப்புல்வெளிகளில் வாழ்ந்த வனவிலங்குகள் அழிந்தன. தாரு, புக்ஸா என்னும் பழங்குடியினர் தம் நிலத்திற் பெரும்பகுதியை இழந்தனர். அந்நாளில் காடு எவ்வளவு வெட்டினாலும் குறையாது என்று எண்ணினார்கள். இன்று கொடுப்பதற்கு அத்தகைய நிலம் இல்லை. கெட்டுப்போன நிலமோ ஏராளமாக இருக்கிறது. அதனைத் திருத்தும் வேலையை முன்னாள் படைவீரரிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனை இந்தச் சூழ்நிலையிற்றான் பிறந்தது.

அவ்யோசனை முற்றிலும் புதிதன்று. 1933-ஆம் ஆண்டில், பொருளாதார மந்தத்தால் தவித்துக்கொண்டிருந்த அமெரிக்காவில், வாக்களிக்கப்பட்ட போனஸ் தொகையைக் கேட்டு முதல் உலக யுத்த வீரர்கள் தலைநகரில் திரண்டபோது, முன்னாள் படைவீரர் 25,000 பேரை மரம் நடுதல், மண் அரிப்பைத் தடுத்தல் முதலிய வேலைகளைச் செய்த சிவிலியன் கன்சர்வேஷன் படையில் சேர்த்துக்கொள்ள ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவிட்டார். அப்படை 1942-இல் கலைந்தது. இந்தியாவில் இதே நோக்கத்துடன் ஏற்பட்ட அமைப்போ நாற்பதாண்டுகளைக் கடந்தும் நிலைத்து நிற்கிறது.

அதற்கு இடமளித்தது பிரதேச இராணுவம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இப்படையை 1949 அக்டோபர் 9-ஆம் தேதி அன்றைய கவர்னர் ஜெனரல் சி. ராஜகோபாலாசாரியார் தொடங்கி வைத்தார். நாட்டின் சுற்றுச்சூழலைச் சீர்ப்படுத்த இராணுவத்தாரைப் பயன்படுத்தலாம் என்று கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் பின்னர் யோசனை கூறியதாகவும், பிரதமர் இந்திரா காந்தி அதனை ஏற்றதாகவும் படையின் வரலாறு சொல்லும். 1982 டிசம்பர் 1-ஆம் தேதி, கார்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவைச் சார்ந்து, 127-ஆவது சுற்றுச்சூழல் பட்டாலியன் உருவாயிற்று. அவ்வட்டாரத்து முன்னாள் படைவீரரே அதில் சேர்க்கப்பட்டனர். ஆட்களையும் கட்டுப்பாட்டையும் இராணுவம் கவனித்துக்கொள்ளும். நிலத்தையும் கன்றுகளையும் தொழில்நுட்ப யோசனையையும் மாநில வனத்துறை அளிக்கும். செலவைச் சில பட்டாலியன்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும், வேறு சிலவற்றுக்கு மாநில அரசாங்கங்களும் ஏற்கும். ஏற்பாடு இதுவே.

முதல் பட்டாலியன் சென்ற இடம் முசூரி மலை. டேராடூன் பள்ளத்தாக்கின் வடபுறம் உயர்ந்து நிற்கும் அம்மலையில் சுண்ணாம்புக் கல் மிகுதி. வெடி வைத்து அதனைத் தகர்த்து, வேண்டியதை லாரியில் ஏற்றி, வேண்டாத இடிபாடுகளைச் சரிவிலேயே தள்ளிவிடும் முறையில் சுரங்கங்கள் பல்லாண்டு நடந்தன. பசுமைக்குப் பேர்போன அம்மலை, தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு உடலெங்கும் வெள்ளைத் தழும்புகளோடு காணப்பட்டது. சுண்ணாம்புப் பாறை வெறும் கல்லன்று. அதன் பிளவுகளிலும் குழிவுகளிலும் மழைநீர் இறங்கித் தங்கிக் கோடைகாலத்தில் ஊற்றுகளாகக் கசிகிறது. பாறையை எடுத்துவிட்டால் நீர்த்தொட்டியையே எடுத்துவிட்டதாகும். மழைக்காலத்தில் இடிபாடுகள் சரிந்து ஓடைகளை மூடின. வயல்களிற் கல் குவிந்தது. கோடையில் ஊற்றுகள் வறண்டன.

இவ்வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்ற கதை சட்டம் பயில்வோர் அனைவரும் அறிந்ததே. 1985 மார்ச் 12-ஆம் தேதி உத்தரவில் பல சுரங்கங்கள் நிரந்தரமாக மூடப்பட்டன. அவ்வுத்தரவின் இன்னொரு பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. மூடிய சுரங்கங்களை ஏற்கெனவே அங்கிருந்த சுற்றுச்சூழல் படையின் உதவியுடன் சீர்ப்படுத்த வேண்டுமென்றும், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளருக்கு அப்பகுதியின் மரம் வளர்ப்பு, மண் பாதுகாப்பு வேலைகளில் இயன்றவரை விரைவாக இடமளிக்க வேண்டுமென்றும் நீதிபதிகள் பணித்தனர். மலையை உடைத்தவரும் நாட்டைக் காத்தவரும் ஒரே சரிவில் ஒன்றாகக் கன்று நடும் ஏற்பாட்டை ஒரு நீதிமன்றம் கண்டது போற்றத்தக்கது. தொழிலாளரைப் பற்றிய அவ்வரிகள் பிற்காலத்துச் சுரங்க வழக்குகளில் இன்னும் அதிகமாக எடுத்தாளப்பட்டிருக்க வேண்டும்.

அத்தகைய சரிவில் வேலை செய்வது எளிதன்று. இடிபாட்டுக் குவியலில் மண் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. காலை வைத்தால் கல் நழுவும். எனவே மரம் நடுவது கடைசிக் காரியம். முதலில் ஓடைகளின் குறுக்கே கம்பிவலைக்குள் கற்களை அடுக்கித் தடுப்புச் சுவர்கள் எழுப்ப வேண்டும். சரிவின் குறுக்கே சமமட்டத்திற் பள்ளங்கள் தோண்டி ஓடும் நீரை நிறுத்த வேண்டும். பிறகு வேர் பிடித்துக்கொள்ளும் புல்லும், நொச்சி, கற்றாழை போன்ற கடினமான செடிகளும். அவை ஓரிரு பருவம் நிலைத்துச் சருகு விழுந்து மண் சிறிது கூடிய பின்னரே மரக்கன்றுகளுக்கு இடம் உண்டு. மண்ணும் எருவும் நீரும் கன்றும் கோவேறு கழுதையின் முதுகிலோ மனிதர் முதுகிலோதான் மேலே செல்லவேண்டும். நட்டபின் ஆடுமாடுகள் மேயாதபடி காவல் வேண்டும். காட்டுத்தீ பரவும் கோடை மாதங்களில் இரவும் பகலும் கண்காணிக்க வேண்டும்.

இவ்வேலைக்கு முன்னாள் படைவீரர் ஏன் ஏற்றவர் என்பதற்கு இனி நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. கூடாரத்தில் தங்கி, சமையல் முதல் மருத்துவம் வரை தமக்குத் தாமே பார்த்துக்கொண்டு, சாலையில்லாத இடத்தில் மாதக்கணக்கில் நிலைகொள்ளுதல் அவர்களுக்குப் பழக்கமான வாழ்க்கை. ஒப்பந்தக்காரரின் கூலியாள் மழைக்காலம் முடிந்ததும் போய்விடுவார். பட்டாலியன் போகாது. இன்னொன்றும் உண்டு. இராணுவத்தில் வரைபடம் படிக்கக் கற்ற ஒரு நாயக், சமஉயரக் கோடுகளைக் கண்டவுடன் சரிவு எங்கே செங்குத்து, நீர் எங்கே கூடும் என்பதைச் சொல்லிவிடுவார். எதிரியின் பதுங்கிடத்தைத் தேடப் பயன்பட்ட கலை ஓடையின் தலைப்பைத் தேடவும் பயன்படுகிறது.

இவ்வனைத்துக்கும் மேலாக, அவர் திரும்பி வந்த மலை அவருடைய மலை. கார்வாலிலும் குமாவூனிலும் ஆண்கள் படைக்கும் சமவெளி நகரங்களுக்கும் சென்றுவிட, அவர்கள் அனுப்பும் மணியார்டரால் வீடுகள் நடந்தன. வயலும் காடும் மாடும் பெண்கள் பொறுப்பிலேயே இருந்தன. விறகுக்கும் தழைக்கும் தண்ணீருக்கும் அவர்கள் நடக்கும் தூரம் ஆண்டுக்காண்டு நீண்டது. 1974-இல் ரேணி கிராமத்து மரங்களைக் காக்க கௌரா தேவியின் தலைமையிற் பெண்களே திரண்டது தற்செயலன்று. விடுமுறையில் மட்டும் வந்து சென்ற கணவர், சுற்றுச்சூழல் பட்டாலியனிற் சேர்ந்த பிறகுதான், தம் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதன்முறையாக அறிகிறார் என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே, மலையில் என்ன மரம் நடுவது என்ற கேள்விக்குத் திட்ட அலுவலகத்தில் மட்டும் விடை தேடலாகாது. சீர் என்னும் ஊசியிலைப் பைன் விரைவில் வளரும், கன்றுகள் பிழைப்பதும் அதிகம், கணக்குக்கு நல்லது. ஆனால் அதன் சருகு எளிதில் தீப்பிடிக்கும். மாட்டுக்கு அது தீனியாகாது. பாஞ்ச் என்னும் ஓக் மரம் மெல்ல வளரும். அதன் தழை மாட்டுக்குத் தீனி. உதிர்ந்த இலை வயலுக்கு எரு. அம்மரக் காட்டில் ஊற்றுகள் வறளா என்பது மலைமக்களின் நெடுநாளைய அனுபவம். எந்தப் பெண்ணைக் கேட்டாலும் பாஞ்சையே சொல்வாள். அவளைக் கேட்பதற்கு ஒரு முறை ஏற்படுத்தியிருக்கிறோமா என்பதே விஷயம்.

முறை இல்லாமலில்லை. உத்தராகண்டத்தில் 1931-ஆம் ஆண்டு விதிகளின்படி ஏற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் ஆயிரக்கணக்கில் இன்றும் உள்ளன. கிராமத்தார் தாமே தேர்ந்த குழு, தம் எல்லைக்குட்பட்ட காட்டைத் தாமே பராமரிக்கும் உரிமை அது. சில பஞ்சாயத்துகள் நன்கு நடக்கின்றன. சில பெயரளவில் இருக்கின்றன. பட்டாலியன் ஒரு சரிவிற் சில ஆண்டுகள் உழைத்து, கன்றுகள் தலையெடுத்ததும் அப்பகுதியை வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த சரிவுக்குச் செல்கிறது. அன்று முதல் அக்காடு யாருடையது? அரசாங்கத்தின் சொத்து என்று கிராமத்தார் எண்ணிவிட்டால், ஐந்தாண்டு காத்த வேலி ஐந்து மாதத்தில் விறகாகிவிடும். ஒப்படைக்கும் சடங்கில் வனத்துறை அதிகாரியோடு வனப் பஞ்சாயத்தும் கையெழுத்திட வேண்டும். தழை வெட்டுவது எப்போது, எவ்வளவு, யாருக்கு என்பதும் அப்பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இனி அளவுகோலைப் பற்றி. சுற்றுச்சூழல் படைகளின் சாதனை பெரும்பாலும் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையாலேயே கூறப்படுகிறது. இலட்சம், கோடி என்னும் எண்கள் கேட்க இன்பமானவை. அவற்றுள் எத்தனை பிழைத்தன என்பது இரண்டாவது கேள்வி. நிலம் என்ன ஆயிற்று என்பதே முதற் கேள்வி. டேராடூனிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1984 முதல் சஹஸ்ரதாரா என்னுமிடத்தில் கைவிடப்பட்ட 64 ஹெக்டேர் சுண்ணாம்புச் சுரங்கம் ஒன்றைச் சீர்ப்படுத்தியதை இங்கே எடுத்துக்காட்டலாம். தொடக்கத்தில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 550 டன் இடிபாடு அங்கிருந்து அடித்துச் செல்லப்பட்டது. சுமார் பத்தாண்டுகளில் அது 6 டன்னாகக் குறைந்தது. மழை ஓய்ந்தபின் ஓடையில் 60 நாட்கள் மட்டுமே ஓடிய நீர் 240 நாட்கள் ஓடலாயிற்று. தாவரப் போர்வை பத்திலொரு பங்கிலிருந்து பத்தில் எட்டுப் பங்காயிற்று. அவ்விடத்தில் எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்று இன்று எவரும் கேட்பதில்லை. 60 என்பது 240 ஆனதே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பட்டாலியன்களின் ஆண்டறிக்கையிலும் இத்தகைய எண்கள் இடம்பெறுமானால், வேலையின் போக்கே சிறிது மாறும். எளிதில் நடக்கூடிய இடத்தைத் தேடாமல், நீர் கெட்ட இடத்தைத் தேடுவார்கள்.

அளவுகோல் தவறினால் விளையும் கேட்டுக்கு இராஜஸ்தானம் ஓர் எச்சரிக்கை. 1983-இல் உருவான 128-ஆவது பட்டாலியன் பிகானீர், ஜெய்சால்மேர் பகுதிகளில் இந்திரா காந்திக் கால்வாயைத் தூர்க்கும் மணலோடு போராடியது. தார்ப் பாலைவனத்தில் மணற்குன்று காற்றோடு நகரும். ஜோத்பூரில் 1950-களிலிருந்து நடைபெறும் பாலைநில ஆராய்ச்சியிற் கண்டறிந்த முறைப்படி, குன்றின்மேல் உலர்ந்த குச்சிகளையும் முட்செடிகளையும் சதுரங்கக் கட்டம்போல் நட்டுக் காற்றின் வேகத்தைத் தடுத்து, கட்டங்களுக்கிடையே புல் விதைத்து, பின் மரம் வைத்தார்கள். கோடைக்காற்றில் மணல் கண்ணை மறைக்கும் அப்பூமியில் அவ்வாறு கிலோமீட்டர் கணக்கில் கரையைப் பசுமையாக்கியது பெருஞ்செயலே. கால்வாயும் சாலையும் அதனால் காக்கப்பட்டன.

ஆனால் கால்வாய்க்கரைக்குப் பொருந்துவது பாலை முழுவதற்கும் பொருந்தாது. பாலைவனத்துப் புல்வெளி வீணான நிலமன்று. கிராமத்துத் தெய்வத்தின் பேரால் ‘ஓரண்’ என்று காக்கப்பட்ட மேய்ச்சற் காடுகள் அங்கு உண்டு. கானமயில் என்னும் அரிய பறவைக்குத் திறந்த புல்வெளியே வீடு. மரம் அடர்ந்தால் அது அங்கு வாழாது. அதன் இனத்தில் இன்று எஞ்சியவை சிலநூறு கூட இல்லை. வெளிநாட்டு வேல மரங்களை இலக்கை எட்டுவதற்காக எங்கும் நட்டுவிட்டுப் பின்னர் வருந்துவதிற் பயனில்லை. தமிழ்நாட்டாருக்கு இது விளங்கும். விறகுக்காகவும் வேலிக்காகவும் வரவேற்கப்பட்ட சீமைக்கருவேல் ஏரிகளையும் ஆற்றுப்படுகைகளையும் என்ன செய்தது என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டவர்கள்.

அதே சீமைக்கருவேல், விலாயத்தி கீக்கர் என்ற பெயரில், டில்லியின் தென்கோடியிலுள்ள பாட்டி சுரங்கப் பகுதியையும் பீடித்திருந்தது. தலைநகரின் கட்டடங்களுக்கு மணல் தோண்டிய பெருங்குழிகள் அங்கே கிடந்தன. 1990-இல் தோண்டுதல் நிறுத்தப்பட்டது. 2000-இல் இராஜபுத்திர ரெஜிமெண்டைச் சார்ந்த 132-ஆவது சுற்றுச்சூழல் பட்டாலியன் வந்தது. குழிகளில் மழைநீர் தேங்கிக் குளங்களாயின. கன்று நடுவதைவிட அன்னியச் செடியைப் படிப்படியாக விலக்கி ஆரவல்லி மலைக்குரிய மரங்களை மீண்டும் கொணர்வதே அங்குக் கடினமான வேலை என்பதை விஞ்ஞானிகள் வற்புறுத்துகின்றனர். ஹிமாசலம், ஜம்மு, அஸ்ஸாம், மராத்வாடா எனப் பிற இடங்களிலும் பட்டாலியன்கள் தோன்றியுள்ளன. ஒவ்வொன்றும் தன் மண்ணுக்குரிய பாடத்தைத் தானே கற்க வேண்டியிருக்கிறது.

பட்டாலியன் இல்லாமலும் ஒரு படைவீரர் நிலத்தைத் திருத்தியதுண்டு. இராணுவத்தில் லாரி ஓட்டியாயிருந்து 1975-இல் விடுபட்டு மகாராஷ்டிரத்து ராலேகண் சித்தி கிராமத்துக்குத் திரும்பிய அண்ணா ஹசாரேயை நாடு பின்னாளில் வேறொரு காரணத்துக்காக அறிந்தது. அவர் திரும்பியபோது, சுமார் 2,200 ஏக்கர் நிலமுடைய அக்கிராமத்தில் பாசனம் பெற்றது 80 ஏக்கர் அளவே. மழை குறைவு, பெய்த மழையும் நில்லாது ஓடிவிடும், சாராயம் காய்ச்சுவதே பலருக்குத் தொழிலாயிருந்தது. இடிந்து கிடந்த கோயிலைத் தமது சேமிப்புப் பணத்தால் புதுப்பித்து அவர் ஊராரின் நம்பிக்கையைப் பெற்றார். புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே என்பவர் நடத்திவந்த பாணி பஞ்சாயத்தைக் கண்டு நீரைத் தேக்கும் முறையைக் கற்றார். ஓடைகளில் தடுப்பணைகள், கசிவுநீர்க் குட்டைகள், சரிவுகளிற் பள்ளங்கள் முதலியவை ஊராரின் உடலுழைப்பால் அமைந்தன. மரம் வெட்டுவதும் ஆடுமாடுகளைக் கட்டின்றி மேயவிடுவதும் ஊர்க் கட்டுப்பாட்டால் நின்றன. நீர் உயர்ந்தபின் அதிக நீர் குடிக்கும் கரும்பைப் பயிரிடுவதில்லை என்றும் முடிவு செய்தார்கள். அணை கட்டுவதைக் காட்டிலும் இம்முடிவு அரியது.

அக்கதையில் மறைக்கத்தகாத ஒரு பக்கமும் உண்டு. குடித்துவிட்டு வந்தவர்களைக் கம்பத்திற் கட்டி அடித்த நிகழ்ச்சிகள் அங்கு நடந்தன. ஹசாரே அதனை மறுத்ததுமில்லை. தாய் பிள்ளையை அடிப்பது போன்றது என்று இதற்குச் சமாதானம் சொல்வாருண்டு. அச்சமாதானத்தை ஏற்க இயலாது. ஆணையிட்டும் ஆணைக்குக் கீழ்ப்படிந்தும் பழகிய மனிதர் ஊர்ப் பொதுக்காரியத்தில் இறங்கும்போது இந்த அபாயம் எப்போதும் உடன் வரும். படையில் அணிவகுப்பு மைதானத்தில் ஒரு குரல் போதும். கிராமத்தில் மேய்ச்சலை நிறுத்துவதாயின், பத்து ஆடு வைத்திருக்கும் நிலமற்ற விதவை அன்றிரவு என்ன செய்வாள் என்று கேட்டாக வேண்டும். அவளுக்குப் புல்லிற் பங்கு கொடுத்தபின்னரே வேலி போடலாம். பாணி பஞ்சாயத்தில் நிலத்தின் பரப்பைப் பாராமல் தலைக்கணக்கில் நீர்ப்பங்கு அளித்ததும், நிலமற்றவரையும் பங்காளிகளாக்கியதும் இந்த நியாயத்தை உணர்ந்தே. சுற்றுச்சூழல் பட்டாலியனிற் சேருவோருக்குக் கன்று நடும் பயிற்சியோடு, ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பிறர் சொல்வதைக் கேட்கும் பயிற்சியும் சில வாரங்கள் தருவது அவசியம். அனுபவமுள்ள வனப் பஞ்சாயத்துத் தலைவிகளே அதற்கு நல்ல ஆசிரியராவர்.

இப்போது இவ்விஷயத்துக்கு ஓர் அவசரமும் நேர்ந்திருக்கிறது. 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி சிப்பாய்கள் நான்காண்டுக் காலத்துக்குச் சேர்க்கப்படுகின்றனர். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் வரை மட்டுமே நிரந்தரச் சேவைக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் இருபத்தைந்து வயதை ஒட்டி, ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, பென்ஷன் இல்லாமல் வெளியே வருவர். இதுகாறும் முன்னாள் படைவீரர் என்றால் பென்ஷனைத் துணையாகக் கொண்ட நடுவயதினர் என்ற எண்ணத்திலேயே திட்டங்கள் வகுக்கப்பட்டன. நாற்பது வயது ஹவில்தாருக்கு மலைச்சரிவு வேலை ஓர் ஓய்வுக்கால நிறைவு. இருபத்தைந்து வயது இளைஞருக்கு அது ஒரு தொழிலின் தொடக்கமாக அமையவேண்டும். கன்று நடுவதோடு நின்றுவிடாமல், நில அளவை, நாற்றங்கால் நிர்வாகம், ஊற்றுகளின் நீரியல், காட்டுத்தீ தடுப்பு ஆகியவற்றிற் சான்றிதழ் பெறும் வாய்ப்பு இருந்தால், அவர் பின்னர் வனத்துறையிலோ, நீர்ப்பிடிப்புத் திட்டங்களிலோ, தம் கிராமப் பஞ்சாயத்திலோ பதவி பெறுவார். இல்லாவிடில் மீண்டும் காவற்காரர் நாற்காலிதான். அதில் அமரும் வயது மட்டும் பதினைந்தாண்டு முந்திவிடும்.

செலவைப் பற்றிய ஆட்சேபம் எழாமலிராது. கூலியாட்களை வைத்து நடுவதைவிடப் பட்டாலியனை வைத்து நடுவதற்கு அதிகச் செலவாகிறது என்று நிதித்துறையினர் கூறினால், கன்றின் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். பத்தாண்டு கழித்து நிற்கும் மரத்தின் கணக்கிலும், மே மாதத்தில் ஓடும் ஊற்றின் கணக்கிலும் பார்த்தபின் பேசுவது நலம். அன்றியும், செலவை ஓர் இலாகா செய்து இன்னோர் இலாகா திருப்பித் தரும் ஏற்பாடு ஆண்டுதோறும் கோப்புகளில் தங்கி நிற்கும் இயல்புடையது. மரம் நிதியாண்டைப் பார்த்து வளர்வதில்லை. ஒரு சரிவை எடுத்துக்கொண்டால் பத்தாண்டுக்கான ஒதுக்கீட்டை முன்கூட்டியே உறுதி செய்வது குறைந்தபட்சத் தேவையாகும்.

மேலே சொன்ன அளவீட்டுக்கோ பெரும் பணம் வேண்டியதில்லை. ஊற்றின் நீரை அளக்க ஒரு வாளியும் ஒரு கைக்கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும். வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்பதை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் குறித்து வைக்க வேண்டும். சென்ட்ரி கடமையை நேரந்தவறாது செய்து பழகிய முன்னாள் படைவீரர் ஒருவர் ஒவ்வொரு மலைக்கிராமத்திலும் இருக்கிறார். அக்குறிப்பேட்டை அவரிடம் கொடுத்து, அவர் எழுதும் எண்ணை வனப் பஞ்சாயத்துச் சுவரிலும், பட்டாலியனின் அறிக்கையிலும், டேராடூன் நிறுவனத்தின் பதிவிலும் ஒருங்கே ஏற்றலாம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னரே தொடங்கக்கூடிய வேலை இது.